பாட்டில் எங்கே இருந்தது?

காலையில் லேபுக்கு வந்ததும் முதல் வேலை, இன்குபேட்டரைத் திறந்து, கிருமி வளர வைத்த முந்தின நாள் தட்டுகளைப் பார்ப்பது. அன்றைக்கு ஐசியூ சாம்பிளில் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா. லூப்பால் தொட்டுத் தூக்கினால் நூல் மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது. மெரோபெனம் என்ற வலுவான ஆன்டிபயாடிக் வில்லையைச் சுற்றி, கிருமி வளராத வட்டம் விழவே இல்லை; விளிம்பு வரை கிருமி. மிச்சம் கோலிஸ்டின்தான். சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று ஒரு காலத்தில் ஒதுக்கி வைத்த மருந்து.

இந்த மாதிரித் தட்டுக்கு எல்லாரும் பயப்படுவார்கள். என்னை உறுத்துவது, ‘வளர்ச்சி இல்லை’ என்று நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய ரிப்போர்ட்டுகள்.

நோயாளிக்குக் குளிர் காய்ச்சல், பிரஷர் இறங்குகிறது. வார்டில் உடனே மெரோபெனம் மாதிரி ‘ஹையர் ஆன்டிபயாடிக்’ ஏற்றிவிடுவார்கள். அதில் தப்பில்லை, அங்கே ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. ஆனால் கல்ச்சருக்கு, அதாவது பாட்டிலில் விட்டுக் கிருமி வளர்கிறதா என்று பார்க்க, ரத்தம் எடுப்பது ஊசிக்குப் பிறகு. மருந்து கலந்த ரத்தத்தில் கிருமி பாட்டிலில் வளராமல் போகலாம். மெஷினில் ஐந்து நாள் வைத்தும் ஒன்றும் வராது. கிருமியின் பேர் தெரியாமல் மருந்தைக் குறைக்க எந்த டாக்டருக்குத் துணிச்சல் வரும்? ஏழு நாள், பத்து நாள் என்று ஓடும். அதற்குள் குடலில் மெரோபெனத்துக்கு அசராத கிருமி பெருகி, யாரோ ஒருவர் கை வழியாகப் பக்கத்துக் கட்டிலுக்குப் போயிருக்கும்.

ஒருநாள் வார்டுக்குப் போன் போட்டேன். “சிஸ்டர், ரத்தம் ஊசிக்கு முன்னாடி எடுத்தீங்களா, பின்னாடியா?”

“பின்னாடிதான் மேடம். ஊசி எங்க டிராயர்லயே இருக்கு. பாட்டில் உங்க லேபில் இருந்து வரணும். இன்டென்ட் போட்டு ஆள் அனுப்பி வாங்கறதுக்குள்ள அரை மணி ஆயிடுது.”

பாட்டில் விலை அதிகம், எக்ஸ்பைரி ஆகிவிடும் என்று அதைப் பூட்டி வைத்திருந்ததே நான்தான்!

மருந்துக்கு அடங்காத கிருமிகளைத் தடுக்க மருத்துவ சங்கங்கள் கூடிப் பேசி, 2012-ல் சென்னைப் பிரகடனம் வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2017-ல் ஆன்டிபயாடிக்குகளை மூன்று வகையாகப் பிரித்து, மெரோபெனத்தைக் கண்காணிப்பிலும் கோலிஸ்டினைக் கடைசிக் கையிருப்பிலும் வைத்தது. அதைச் சார்ட் அடித்து ஒவ்வொரு வார்டிலும் ஒட்டினேன். பாட்டில் எங்கே இருக்கிறது என்று மட்டும் எந்தக் கூட்டத்திலும் யாரும் கேட்கவில்லை, நானும்தான்.

அப்புறம் எமர்ஜென்சி டிராலியில், ஊசி மருந்துக்குப் பக்கத்திலேயே நாலு பாட்டில் வைத்தோம். ஸ்டோரில் முணுமுணுத்தார்கள். சரி, முணுமுணுக்கட்டும். அடுத்த வாரமே ஒரு பாட்டிக்கு ஈ.கோலை வளர்ந்தது, செஃப்ட்ரியாக்சோன் மாதிரி சாதாரண ஆன்டிபயாடிக்குக்கே அடங்கும் ரகம். மூன்றாம் நாள் மெரோபெனத்தை நிறுத்தினார்கள்.

ரத்தம் எடுத்த நேரம், ஊசி போட்ட நேரம் என்று படிவத்தில் இப்போது இரண்டு கட்டம் இருக்கிறது. சிலர் இரண்டிலும் ஒரே நேரத்தை எழுதி அனுப்புகிறார்கள். போனை எடுக்கிறேன்.