ஹெட்மாஸ்டர் போட்ட தேதியில் விற்கும் மெஷின்

2014-இல் எங்கள் கம்பெனி என்பிஎஸ் என்கிற தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்தபோது ஃபாரம் கொடுத்து, போட்டோ ஒட்டி, கையெழுத்து வாங்கி அனுப்பியது நான்தான். கோயமுத்தூரில் பம்ப் செட் செய்கிற கம்பெனி. நான் சம்பளப் பிரிவு. தனியார் கம்பெனிகளுக்கு இந்தக் கதவு 2011 கடைசியில்தான் திறந்தது; எங்கள் முதலாளிக்கு ஆடிட்டர் சொல்லிப் புரிய வைக்க இன்னும் இரண்டு மூன்று வருஷம் ஆனது. பேசிக்கில் 10 சதவீதம் கம்பெனி போட்டால் அதற்கு வரி இல்லை என்பது ஒன்றுதான் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பணம் எங்கே போகிறது என்று கேட்டவர்கள் கம்மி.

கேட்ட ஒருவர் எங்கள் டர்னர் அண்ணன். ஃபாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங் மேடம், ஈ, சி, ஜி-ன்னு போட்டிருக்குது. நெஞ்சுவலி வந்தா எடுக்கறதுங்களா இது?" என்றார்.

ஆபீஸே சிரித்தது. ஆனால் ஃபாரத்தில் இருந்தது அந்த மூன்று எழுத்துதான். ஈ என்றால் பங்குச் சந்தை. சி என்றால் கம்பெனிகளின் கடன் பத்திரம். ஜி என்றால் அரசாங்கத்தின் கடன் பத்திரம். எதில் எவ்வளவு என்று நாமே சொன்னால் ஆக்டிவ் சாய்ஸ். 'எனக்குத் தெரியாது, நீயே பார்த்துக்கொள்' என்றால் ஆட்டோ சாய்ஸ். எதையும் டிக் அடிக்காமல் விட்டாலும் ஆட்டோ சாய்ஸ்தான்; அன்று போட்ட அந்த வகைக்குப் பின்னால் வந்த பெயர் எல்சி 50, அதாவது லைஃப் சைக்கிள் 50. அன்று நான் அனுப்பிய கட்டில் ஏறக்குறைய எல்லாமே டிக் அடிக்காத ஃபாரம்தான். என்னுடையதும் சேர்த்து.

எல்சி 50 செய்வது இவ்வளவுதான். 35 வயது வரை நூற்றுக்கு 50 பங்கில், 30 கம்பெனிப் பத்திரத்தில், 20 அரசுப் பத்திரத்தில். அதற்கப்புறம் வருஷத்துக்கு 2 வீதம் பங்கைக் குறைத்துக்கொண்டே வந்து, 55-இல் பங்கு 10, கம்பெனிப் பத்திரம் 10, மீதி 80 அரசுப் பத்திரம் என்று கொண்டுவந்து நிறுத்தும். இதற்கு ஆள் கிடையாது, யாரும் போன் செய்து கேட்பதும் கிடையாது. வருஷத்துக்கு ஒரு நாள் இருக்கிற மொத்தத்தையும் எடுத்துப் பார்த்து, அந்த வயதுக்கு உண்டான கணக்குக்குச் சரிசெய்யும். அந்த ஒரு நாள், நம்முடைய பிறந்தநாள்.

இதைச் சொன்னதும் டர்னர் அண்ணன் முகத்தில் ஒரு சிரிப்பு. "எந்தப் பொறந்தநாளுங்க?"

அவருக்கு ரிஜிஸ்டரில் 1982 ஜூன் 1. அவர் அம்மாவைக் கேட்டால், "இந்திரா காந்தி செத்தப்ப இவனுக்கு ஒத்தப் பல்லு மொளைச்சிருந்துது" என்பார். அப்படியானால் 1984-இல்தான் பிறந்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொடச் சொல்வார்கள் இல்லையா? இவருக்குச் சின்ன வயதிலேயே நீளக் கை. தொட்டுவிட்டார். ஹெட்மாஸ்டர் ஐந்து வயது முடிகிற மாதிரி ஒரு ஜூன் 1 போட்டு எழுதிவிட்டார். எங்கள் ரிஜிஸ்டரை எடுத்தால் மே, ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள் கொட்டிக் கிடப்பார்கள். எல்லாம் வாத்தியார்கள் பெற்ற பிள்ளைகள். பிரான் என்கிற 12 இலக்க என்பிஎஸ் கணக்கு நம்பருக்குப் பின்னால் இருக்கிற கம்ப்யூட்டர் அந்தத் தேதியை நம்பித்தான் வருஷா வருஷம் வாங்கி விற்கிறது.

"அப்ப ரெண்டு வருசம் முன்னாடியே எனக்குக் கிழவன் கணக்குப் போட்டுருமுங்களா" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே சொன்னார்: "பரவால்லீங்க. ரிட்டயர்மென்ட்டும் அந்தப் பொய்த் தேதிக்குத்தானுங்களே வருது." எனக்கு அது தோன்றவே இல்லை.

என் தேதி நிஜத் தேதி. 1979 மார்ச் 26, ஆஸ்பத்திரியில் பிறந்தேன். இனி 2020.

ஜனவரியில் பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி 12,300-ஐத் தாண்டி இருந்தது. மார்ச் 23, திங்கட்கிழமை, ஒரே நாளில் 1,135 புள்ளி விழுந்து 7,610-இல் முடிந்தது. மறுநாள் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து 144 என்று அறிவிப்பு வந்துவிட்டது. சம்பளம் எப்படிப் போடுவது என்று நாங்கள் அல்லாடிக்கொண்டிருக்கிறோம். நடுவில் என் மூளை முழுக்க ஒரே விஷயம்: என்பிஎஸ் கணக்குக்குள் போய் எல்லாவற்றையும் அரசுப் பத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். ஆக்டிவ் சாய்ஸுக்குப் போனால் ஜி-யில் நூறு சதவீதம்கூட வைக்கலாம் என்று அன்றைக்குத்தான் முழுதாகப் படித்தேன். பயம் வந்தால் விதிமுறை எல்லாம் நன்றாகப் புரிகிறது.

பாஸ்வேர்ட் மறந்துவிட்டது. நாலைந்து தடவை தப்பாகப் போட்டேன், கணக்கு பூட்டிக்கொண்டது. திறக்க ஓடிபி வேண்டும். அது 2014-இல் நான் கொடுத்த நம்பருக்குப் போகிறது. அந்த சிம்மை எப்போதோ தூக்கிப் போட்டாகிவிட்டது. ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து அழாத குறை. வீட்டுக்காரர், "விடு, போனது போகட்டும்" என்றார். அவர் மேல்தான் கோபம் வந்தது.

ஜூலையில் நம்பரை மாற்றிக் கொடுத்து, உள்ளே போய், ஸ்டேட்மென்ட்டை இறக்கிப் பார்த்தேன். என் பிறந்தநாளை ஒட்டி மூன்று வரி இருந்தது. யூனிட் கணக்கு நான்கு தசம இடம் வரைக்கும் போட்டிருக்கும், கண் மங்கும். பேனாவால் அடிக்கோடு போட்டுப் படித்தேன். சி-யில் சுமார் 12,000 ரூபாய் விற்றிருக்கிறது. ஜி-யில் சுமார் 12,000 விற்றிருக்கிறது. ஈ-யில் 24,000-க்கு வாங்கியிருக்கிறது.

முதலில் தப்பு நடந்துவிட்டது என்றே நினைத்தேன். 40-லிருந்து 41 வயதுக்குப் போகிறேன், பங்கைக் குறைக்கத்தானே வேண்டும்? காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டேன். மொத்தம் சுமார் 3 லட்சம். சந்தை விழுந்ததில் பங்கின் மதிப்பு 90,000-க்கு இறங்கி, நூற்றுக்கு 30 ஆகிவிட்டது. 41 வயதுக்கு எல்சி 50 சொல்வது 38. அதாவது 1,14,000. குறைகிற 24,000-ஐ, விழாமல் நின்ற பத்திரங்களை விற்று வாங்கிவிட்டது. வருஷத்துக்கு 2 குறைப்பது அதன் இலக்கு. அந்த வருஷம் இலக்குக்கும் கீழே சந்தையே இழுத்துப் போட்டுவிட்டதால், மேலே ஏற்ற வேண்டியிருந்தது. ஊரே விற்றுக்கொண்டிருந்த வாரத்தில், நானும் விற்கத் துடித்துக்கொண்டிருந்த வாரத்தில், என் பெயரில் ஒரு மெஷின் பங்கு வாங்கியிருக்கிறது. அடுத்த மார்ச் 26-இல் நிஃப்டி 14,500. அந்த வருஷம் அது மரியாதையாக விற்றது.

இதில் என் சாமர்த்தியம் எள்ளளவும் இல்லை. தொலைந்துபோன சிம் கார்டு காப்பாற்றியது.

அப்பா மில் தொழிலாளி. மில் மூடியபோது வந்த பி.எஃப். செக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஒரு வாரத்தில் வீட்டுத் திண்ணையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாமா முறை, பங்காளி முறை, எல்லோருக்கும் ஒரு யோசனை. வட்டி அதிகம் தருகிறார்கள் என்று ஒரு ஃபைனான்ஸில் போட்டார். ஒன்றரை வருஷம் வட்டி வந்தது. அப்புறம் ஷட்டர் இறங்கியது. திண்ணையில் உட்கார ஆள் இல்லாத ஒரு ஏற்பாடு என்பதாலேயே இந்த மெஷின் மேல் எனக்கு ஒரு பிரியம் உண்டு.

ஆனால் பிரியம் வேறு, கண்ணை மூடிக்கொள்வது வேறு. அதற்குத் தெரிந்தது என் பிறந்த தேதி ஒன்றுதான். இது எனக்கு உறைக்க 2024 ஆகிவிட்டது. அந்த ஜூலை பட்ஜெட்டில், புது வரி முறையில் இருப்பவர்களுக்குக் கம்பெனி போடும் பணத்துக்கு, பேசிக்கில் 10 சதவீதத்துக்குப் பதில் 14 சதவீதம் வரை வரிவிலக்கு என்றார்கள். மறுபடி ஆட்கள் என் மேஜைக்கு வர ஆரம்பித்தார்கள். ஒரு சின்னப் பையன், சேர்ந்து இரண்டு வருஷம்தான், "அக்கா, உங்களோடது எப்படி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டான். காட்டுவதற்காக எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதினேன்.

பி.எஃப். 19 லட்சம். என்பிஎஸ் 9 லட்சம். பி.எஃப்-பிலும் 2015-லிருந்து ஒரு பகுதியை ஈடிஎஃப் என்கிற பங்குச் சந்தை ஃபண்டில் போடுகிறார்கள். ஆனால் எனக்கு வந்து சேருவது வருஷம் ஒருமுறை அறிவிக்கிற வட்டி. என்னைப் பொறுத்தவரை அது அசையாத பணம். என்பிஎஸ்ஸில் 46 வயதுக்கு எல்சி 50 வைக்கப்போகும் பங்கு 28 சதவீதம், அதாவது இரண்டரை லட்சம். 28 லட்சத்தில் இரண்டரை லட்சம் என்றால் 9 சதவீதம். மெஷின் என்னை 'மிதம்' என்று எழுதி வைத்திருக்கிறது. நிஜத்தில் நான் வைத்திருப்பது என் பாட்டியின் சுருக்குப் பை.

அதற்கு என் பி.எஃப். தெரியாது. வீட்டுக்காரருக்குப் பென்ஷன் இல்லை என்பது தெரியாது. என் அம்மா 84 வயதிலும் வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், எங்கள் குடும்பத்துப் பெண்கள் சீக்கிரம் போகிறவர்கள் இல்லை என்பதும் தெரியாது. குற்றம் சொல்ல முடியாது, நான் சொல்லவே இல்லையே. அன்றைக்கு நூறு ரூபாய்க்குப் பத்துப் பைசாகூட வாங்காமல் பணத்தைப் பார்த்துக்கொண்டவர்களிடம் ஜாதகமும் பார்க்கச் சொன்னால் எப்படி?

2024 அக்டோபரில் ஆட்டோ சாய்ஸிலேயே பேலன்ஸ்டு லைஃப் சைக்கிள் என்று ஒன்று புதிதாகக் கொண்டுவந்தார்கள். பங்கு 50-லேயே 45 வயது வரை நிற்கும். அதற்கப்புறம்தான் மெல்ல இறங்கி 55-இல் 35-க்கு வரும். 2025 ஜனவரியில் அதற்கு மாறினேன். ஆக்டிவ் சாய்ஸுக்குப் போகவில்லை. 2020 மார்ச் 23 ராத்திரி நான் யார் என்று பார்த்தாகிவிட்டது, அந்தப் பெண்ணிடம் ஸ்டியரிங்கைக் கொடுக்க எனக்கு விருப்பம் இல்லை. டர்னர் அண்ணனிடமும் சொன்னேன். "எனக்குப் பழசே இருக்கட்டும். தோட்டத்துல தென்னை நிக்குது" என்றார். அவருடைய ஈ அது.

இப்போது என் மொபைல் நம்பர் சரியாகப் பதிந்திருக்கிறது. 2025 ஏப்ரல் 7-ஆம் தேதி, டிரம்ப் வரி போட்ட களேபரத்தில் சென்செக்ஸ் 2,226 புள்ளி விழுந்தபோது, கை தானாக லாக்இன் பக்கத்தைத் திறந்துவிட்டது. பாஸ்வேர்ட் ஒரே தடவையில் சரியாக விழுந்தது. ஓடிபி டக்கென்று வந்தது, ஆறு இலக்கம். அந்த நேரம் பார்த்து ஃபவுண்டரியிலிருந்து ஓவர்டைம் சீட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்கள், அன்றைக்கே சம்பளம் போட்டாக வேண்டும். இரண்டு பேருக்கு மணிக்கணக்கு இடித்தது. சரிபார்த்து முடித்து நிமிர்ந்தால் ஓடிபி காலாவதி. மறுபடி அனுப்பவா என்று திரை கேட்டது. டேபை மூடிவிட்டு டீ குடிக்கப் போனேன்.