அங்கெசெனாமூனைத் தேடி மேற்குப் பள்ளத்தாக்குக்கு

எகிப்தின் லக்சரில் டாக்ஸி பிடிக்கப் போகிறவர்கள் முதலில் இதைப் படித்துவிடுங்கள். பழங்கால எகிப்து மன்னர்களின் கல்லறைகள் இருக்கும் ராஜாக்களின் பள்ளத்தாக்குக்கு என்று வாடகை பேசி ஏறினால், மேற்குப் பள்ளத்தாக்கு அதில் சேராது என்பார்கள். பிரதானப் பாதையிலிருந்து பிரியும் மண்ரோடுதான், கொஞ்ச தூரம்தான். எங்கள் டிரைவர் அந்த முனையில் வண்டியை நிறுத்திவிட்டு, பேசியதில் பாதியைக் கூடுதலாகக் கேட்டார். கேட்டால் டயர் போய்விடுமாம்! அந்த வெயிலில் எங்களால் நடக்க முடியாது என்று தெரிந்துகொண்டே கேட்டது பச்சை அநியாயம். அக்கா விடாமல் வாதாடி அதைக் கால்வாசிக்கு இறக்கினாள். அதுவும் மதியச் சாப்பாட்டுக்கு ஒதுக்கிய பணம்.

ஆனாலும் போகாமல் திரும்ப எனக்கு மனசில்லை. பழங்கால எகிப்து மன்னன் துட்டன்காமுனின் மனைவி அங்கெசெனாமூனின் கல்லறையை அங்கேதான் தேடினார்கள்.

காலையில் துட்டன்காமுன் கல்லறைக்குத் தனி டிக்கெட் எடுத்துப் பார்த்திருந்தோம். சின்ன இடம், பெரிய விலை. வடக்குச் சுவருக்குப் பின்னால் ராணி நெஃபர்டிட்டியின் கல்லறை இருக்கலாம் என்று 2015இல் தொல்லியல் ஆய்வாளர் நிக்கோலஸ் ரீவ்ஸ் சொன்னது உலகம் முழுக்கச் செய்தியானது. முதலில் ரேடார் வைத்துப் பார்த்தவர்கள் ஏதோ இருக்கிறது என்றார்கள். 2018இல் இத்தாலியக் குழு நன்றாக ஆராய்ந்து ஒன்றுமே இல்லை என்றது. நான் இத்தாலியர் பக்கம். அந்தச் சுவருக்குக் கிடைத்த பரபரப்பில் கால்பங்குகூட நெஃபர்டிட்டியின் மகளுக்குக் கிடைக்கவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

அந்த மகள்தான் அங்கெசெனாமூன். துட்டன்காமுனின் பொன் சிம்மாசனத்தின் சாய்மானப் படத்தில் கணவனுக்குத் தைலம் பூசிக்கொண்டு நிற்பவள். அவன் கல்லறையைக் கண்டுபிடித்த ஹோவர்ட் கார்ட்டர் அங்கே கண்டெடுத்த, பிறக்காமலே போன இரண்டு பெண் சிசுக்களும் அவளுடையவை என்றே பெரும்பாலும் நம்புகிறார்கள். கணவன் இறந்துவிட்டான், மகன் இல்லை, உங்கள் பிள்ளைகளில் ஒருவனை அனுப்புங்கள் என்று இன்றைய துருக்கிப் பக்கம் ஆண்ட ஹிட்டைட் மன்னனுக்கு எழுதிய எகிப்து ராணி இவளாகத்தான் இருக்கும் என்று பல அறிஞர்கள் சொல்கிறார்கள். அந்த இளவரசன் புறப்பட்டான், உயிரோடு வந்து சேரவில்லை. அப்புறம் அரியணை ஏறியது வயதான அய். அவரோடு இவள் பெயரும் சேர்ந்து பொறித்த மோதிரம் ஒன்று உண்டு. அதற்குப் பிறகு அவளைப் பற்றி ஒன்றுமே இல்லை.

மேற்குப் பள்ளத்தாக்கில் திறந்திருந்த அய் கல்லறைக்குச் சாவியோடு காவலர் வந்தார். உள்ளே எங்களைத் தவிர யாரும் இல்லை! சுவரில் பன்னிரண்டு பபூன் குரங்குகள். பள்ளத்தாக்குக்குக் குரங்குப் பள்ளத்தாக்கு என்று பேர் வந்ததே இவற்றால்தான். சதுப்பில் வேட்டையாடும் காட்சியில் அய்யோடு இருப்பது மூத்த மனைவி தேய். முகங்களைச் செதுக்கி அழித்திருக்கிறார்கள். அங்கெசெனாமூனை எவ்வளவு தேடினாலும் காணவில்லை. எனக்குக் கோபமே வந்தது.

இந்தக் கல்லறைக்குப் பக்கத்தில்தான் 2018இல் எகிப்தியத் தொல்லியல் அறிஞர் ஸாஹி ஹவாஸின் குழு அவளைத் தேடித் தோண்டியது, கல்லறை கிடைக்கவில்லை. ராஜாக்களின் பள்ளத்தாக்கில் கேவி 21 என்று எண்ணிட்ட கல்லறையில் இருந்த தலையில்லாத ஒரு மம்மி அந்தச் சிசுக்களின் தாயாக இருக்கலாம் என்று 2010 டிஎன்ஏ ஆய்வு சொன்னது, ஆனால் உறுதி செய்யப் போதிய மாதிரி இல்லை. இருந்தாலும் நான் நம்பிக்கையை விடவில்லை. 2022இல் இந்த மலைகளுக்கு மேற்கே ஒரு வாசலைக் கண்டுபிடித்து, யாரோ ராணியின் கல்லறை என்று நினைத்துத் தோண்டினார்கள். 2025இல் அது இரண்டாம் துட்மோஸ் மன்னனுடையது என்று அறிவித்தார்கள். ராணியைத் தேடி ராஜா கிடைக்கும்போது இவளும் ஒருநாள் கிடைப்பாள்.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. படகுத்துறை அருகே ஒரு சின்னக் கடையில் மண்சட்டியில் கொதிக்கக் கொதிக்க மொலோக்கியா கீரை, கூடவே வெயிலில் புளிக்கவைத்துச் சுடும் ஐஷ் ஷம்ஸி ரொட்டி. மொறுமொறு ஓரம், மெத்தென்ற நடு. இந்தப் பயணத்திலேயே இதுதான் சிறந்த சாப்பாடு, விலையும் மிகக் குறைவு.

போகிறவர்களுக்கு: நைலைக் கடக்கப் பொதுப் படகு போதும், தனிப்படகுக்காரர் பேச்சைக் கேட்காதீர்கள். அய் கல்லறை டிக்கெட்டைப் பிரதான கவுன்டரிலேயே வாங்கிவிடுங்கள், கார்டு கையில் இருக்கட்டும். மேற்குப் பள்ளத்தாக்கையும் சேர்த்து ஏறும் முன்பே வாடகை பேசுங்கள். தண்ணீரும் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே கடை எதையும் நாங்கள் பார்க்கவில்லை.