வளையம் மூடவில்லை

மார்ச் 3
பன்னிரண்டு தேக்குத் துண்டுகளை வளையமாக ஒட்டி, லேத்தில் கடைந்து கிண்ணமாக்கப் பார்க்கிறேன். ஒட்டுமுன் அடுக்கிப் பார்த்தால், பதினோரு இணைப்புகளில் நகம் நுழையாது. பன்னிரண்டாவதில் தபால் அட்டையே நுழைகிறது.

மார்ச் 4
கணக்கில் குழப்பமில்லை. 12 துண்டு என்றால் ஒவ்வொரு முனையும் 15 டிகிரி, 20 செ.மீ. விட்டத்துக்கு வெளி விளிம்பு 5.36 செ.மீ. ரம்பம் 0.1 டிகிரி பிசகினால் ஒரு துண்டில் தெரியவே தெரியாது. 24 வெட்டிலும் ஒரே பக்கமாகப் பிசகினால் கடைசி இணைப்பில் 2.4 டிகிரி வாய் பிளக்கும். விளக்கில் பிடித்துப் பார்த்தேன். இடது கண்ணை மூடினால் வெளிச்சக் கோடு இரண்டாகிறது.

மார்ச் 6
கண் ஆபரேஷனுக்குத் தேதி சொல்லிவிட்டார்கள். 21.

மார்ச் 7
அரை வளைய வழி ஒன்று உண்டு. ஆறு ஆறாக ஒட்டி, இரண்டு பாதிகளின் நேர் விளிம்பையும் உப்புத்தாளில் தேய்த்து மட்டமாக்கிய பிறகு சேர்ப்பது. வளையம் மூடிவிடும். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஐந்தொகை நேராகாதபோது வித்தியாசத்தைச் சஸ்பென்ஸ் கணக்கில் தள்ளுவது போலத்தான் இதுவும். ஆயுள் முழுக்க அதைச் செய்தவர்களிடம் சண்டை போட்டிருக்கிறேன். "யார் பார்க்கப் போகிறார்கள்?" என்கிறாள் இவள். நான் பார்ப்பேன். பார்ப்பேனா?

மார்ச் 9
தூசி ஆகவே ஆகாதாம். எத்தனை வாரம் என்றேன். டாக்டர் சிரித்தார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

மார்ச் 12
தேக்கில் எண்ணெய்ப் பசை இருக்கிறது. அப்படியே ஒட்டினால் பிடிக்காது. முனைகளை அசிட்டோனால் துடைத்தேன். வெள்ளைத் துணி மஞ்சளாகிவிட்டது.

மார்ச் 13
அரை வளையம்தான். ஒட்டியாயிற்று. இதைப் பற்றிப் பேச விருப்பமில்லை.

மார்ச் 15
அடிப்பலகையை வளையத்துக்குள் ஒட்டவே கூடாது. மரம் நீளவாக்கில் அவ்வளவாக அசையாது. குறுக்குவாக்கில் ஈரத்துக்கு விரியும், வறட்சிக்குச் சுருங்கும். வளையத்தில் ரேகை சுற்றி ஓடுவதால் அது விட்டுக்கொடுக்காது. அடி வெடிக்கும், இல்லாவிட்டால் வளையம் பிளக்கும். உள்பக்கம் பள்ளமாகக் காடி எடுத்து, பசையில்லாமல் தளர்வாக உட்கார வைக்க வேண்டும். இரவு முழுக்க இதே யோசனை. வேறு எதையும் யோசிக்காமல் இருக்க வசதியாகவும் இருந்தது.

மார்ச் 18
லேத்தில் ஏற்றினேன். முதலில் பன்னிரண்டு மூலைகளும் உளியில் டகடகவென்று மோதின. மூலை தேயத் தேயச் சத்தம் நெருங்கி, சட்டென்று ஒரே சீறலாக மாறியது. வட்டமாகிவிட்டது! பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. சுருள் சுருளாகச் சீவல், மடியெல்லாம்.

மார்ச் 20
ஈட்டி மரம் அடுத்த வளையத்துக்குப் போதாது. மேல் வளையத்து இணைப்பு கீழ்த் துண்டின் நடுவில் விழ வேண்டும்; நடுக்களைப் பென்சிலால் குறித்து வைத்தேன், தடித்த கோடாகவே. ஏழு மணிக்குள் வரச் சொல்லியிருக்கிறார்கள். சாப்பிடாமல்.