ஓரியூர் மண்ணும் நம் கணக்கு நோட்டும்

தேவகோட்டை, காரைக்குடிப் பக்கம் பல கத்தோலிக்கர் வீடுகளில் ஓரியூர்ச் செம்மண் ஒரு சிமிழிலாவது இருக்கும். போர்ச்சுகலிலிருந்து வந்த குருவானவர் புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) இரத்தம் சிந்திய மண். நல்லதுதான். ஆனால் அவரை ஏன் வெட்டினார்கள் என்று கேட்டுப் பாருங்கள், பலர் முழிப்பார்கள்.

மறவர் சீமையின் தடியத்தேவர் கிறிஸ்தவராக விரும்பினார். அவருக்குப் பல மனைவியர். ஒருவரோடு மட்டும் வாழ்ந்தால்தான் ஞானஸ்நானம் என்றார் அருளானந்தர். தேவரும் சம்மதித்தார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் உறவுப் பெண். (அந்தப் பெண்களின் பாட்டை நினைத்தாலும் மனசு கேட்பதில்லை.) விஷயம் அரண்மனைக்குப் போனது. 1693 பிப்ரவரி 4இல் ஓரியூரில் தலையை வெட்டினார்கள். பெரிய இடமாச்சே என்று கொஞ்சம் வளைந்து கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார்.

நம் கழுத்துக்கு யாரும் வாள் நீட்டவில்லை. நமக்கு வருவதெல்லாம் சில்லறைச் சோதனைகள். பைபிளின் 15ஆம் திருப்பாடல் ஆண்டவரின் கூடாரத்தில் தங்கத் தகுந்தவர் யார் என்று கேட்டு, நஷ்டம் வந்தாலும் வாக்கு மாறாதவர், வட்டிக்குப் பணம் கொடுக்காதவர், லஞ்சம் வாங்காதவர் என்கிறது. வட்டித் தொழிலுக்குப் பேர்போன நம் சீமையில் இதைச் சத்தமாக வாசிக்கவே தைரியம் வேண்டும்!

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் கறியை விட்டுவிடுகிறோம், சரி. கூடவே கைமாற்றுக் கடனையும் திருப்பிக் கொடுத்துவிடலாமே என்று அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் எங்கள் அன்பியக் கூட்டத்தில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் செல்லை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.