எதிர்மாறல் கணக்கு: ஒளிந்திருந்த 5 ஓம் பிடிபட்டது

ரொம்ப நாளாக இழுத்தடித்த கணக்கு நேற்று ராத்திரி ஒருவழியாகப் படிந்தது. இங்கே மலேசியாவில் ஐந்தாம் படிவக் கணிதத்தின் முதல் பாடமே மாறல்தான். மின்னழுத்தம் மாறாவிட்டால் மின்னோட்டமும் தடையும் எதிர்மாறலில் இருக்கும், பெருக்கினால் ஒரே எண் வரும். அதை நிஜப் பேட்டரியில் பார்த்துவிட வேண்டும் என்று அக்கா மகனோடு உட்கார்ந்தேன்.

நாலு டபுள் ஏ பேட்டரி, மல்டிமீட்டர் 200 மில்லிஆம்பியர் ரேஞ்சில். 1000 ஓமுக்கு 6.0 மில்லிஆம்பியர், 470-க்கு 12.6, 220-க்கு 26.7, 100-க்கு 57.1, 47-க்கு 115.4. பெருக்கினால் 6.0 வோல்ட்டில் தொடங்கி 5.92, 5.87, 5.71 என்று இறங்கி 5.42-க்கு வந்துவிடுகிறது. "மாமா, தடை குறையக் குறைய இதுவும் ஏன் குறையுது?" என்றான். சரியான கேள்வி.

பேட்டரியின் உள்தடை, மீட்டர், அதன் ஃபியூஸ், ஹோல்டர் ஸ்பிரிங் எல்லாமே சுற்றில்தான் இருக்கின்றன. 1000 ஓமுக்கு முன்னால் இவற்றின் மொத்தத் தடை தூசு. 47-க்கு முன்னால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு! அதை 'ம' என்று வைத்து இரண்டு அளவுகளைச் சமன் செய்தோம்:

115.4 × (47 + ம) = 26.7 × (220 + ம)

ம = 5.1 ஓம், மாறிலி 6.01 வோல்ட். அப்படியானால் 100 ஓமுக்கு 57.2 வர வேண்டும்; மீட்டர் காட்டியது 57.1. பையன் துள்ளிவிட்டான், நானும்தான். 1826-இல் ஜெர்மன் இயற்பியலாளர் ஓம் எழுதிய சமன்பாட்டிலும் வகுக்கும் இடத்தில் இதே மாதிரி ஒரு கூட்டல் உண்டு. பேட்டரி நிலையாக நிற்காததால், அவர் பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையை ஐஸிலும் வைத்து, அந்தச் சூட்டு வித்தியாசத்தில் பிறந்த மின்னோட்டத்தை அளந்தார்.

செய்து பார்ப்பவர்கள் நடுவில் ரேஞ்சை மாற்றவே வேண்டாம். மீட்டருக்குள் இருக்கும் தடை மாறி, 'ம' வேறு எண்ணாகிவிடும். 47-இல் அரை வாட்டுக்கு மேல் சூடாகும், அதனால் 1 வாட் தடைதான் போட வேண்டும். சுங்கை சிப்புட் கடைகளில் வயர், சுவிட்ச் எல்லாம் கிடைக்கும், இதற்கு மட்டும் ஈப்போவுக்குப் போகச் சொல்கிறார்கள். கோலாலம்பூர் போகிறவர்கள் ஜாலான் பசாரில் மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்து கூட்டு மாறல். கம்பியின் தடை நீளத்துக்கு நேர்மாறல், விட்டத்தின் வர்க்கத்துக்கு எதிர்மாறல். செம்பனை மில்லில் ஃபிட்டராக இருக்கும் சித்தப்பா பழைய ஹீட்டரின் நிக்ரோம் கம்பி தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அதற்கு முன் 22 ஓம் பாக்கி. கணக்குப்படி 222 மில்லிஆம்பியர், ரேஞ்சைத் தாண்டுகிறது. 10 ஆம்பியர் துளையில் போட்டால் 0.22 என்று மட்டும் காட்டும். அதனால் மீட்டரைச் சுற்றிலிருந்து எடுத்துவிட்டு, தடையின் இரு முனைகளிலும் வோல்ட் பார்த்து 22-ஆல் வகுக்கப் போகிறோம். அந்த 5 ஓமில் பேட்டரியின் பங்கு எவ்வளவு, மீட்டரின் பங்கு எவ்வளவு என்பதும் அப்போது பிரிந்துவிடும்.