கடன்படாதே என்று தொடங்கிய ஸ்டுடிபேக்கர்

கணக்குத் தணிக்கை என் தொழில் என்பதால், ஒரு நிறுவனத்தின் வரலாற்றைப் படிக்கும்போது அது விற்ற பொருளைக் காட்டிலும் அதன் சொத்தையும் கடனையும் காட்டும் ஐந்தொகைதான் என் கவனத்தை முதலில் இழுக்கும். ஸ்டுடிபேக்கர் என்ற அமெரிக்கக் கார் நிறுவனத்தின் விஷயத்தில் மட்டும் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு கார். 1953-ஆம் ஆண்டின் ஸ்டார்லைனர் அது. தாழ்ந்து நீண்ட உடலும், பக்கக் கண்ணாடிகளுக்கு நடுவே தூண் இல்லாத கூரையும் கொண்டது. அதன் படத்தைப் பார்த்த நாளிலிருந்து, இவ்வளவு அழகாகக் கார் செய்யத் தெரிந்தவர்கள் பதின்மூன்றே ஆண்டுகளில் அத்தொழிலை விட்டு விலகியது ஏன் என்ற கேள்வி என்னை விடவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர் என்ற பெரிய மூன்று நிறுவனங்களோடு போட்டியிட முடியாமல் சிறிய நிறுவனம் அழிந்தது என்ற வழக்கமான விடை தவறல்ல; ஆனால் அது எனக்குப் போதவில்லை.

கதை காருக்கு வெகுமுன்பே, ஒரு கொல்லுப்பட்டறையில் தொடங்குகிறது. ஜெர்மானிய வழிவந்த ஜான் கிளெமென்ட் ஸ்டுடிபேக்கர் பென்சில்வேனியாவிலிருந்து ஓஹாயோவின் ஆஷ்லாந்துக்குக் குடிபெயர்ந்த கொல்லர், வண்டி செய்பவர். ஒருவரையொருவர் நேசிப்பதைத் தவிர வேறு எதிலும் எவருக்கும் கடன்படாதே என்ற விவிலிய வாசகத்தைத் தம் தொழிலுக்கு நெறியாகக் கொண்டிருந்தவர். அவருடைய மகன்கள் ஹென்றியும் கிளெமென்டும் 1852 பிப்ரவரியில், இந்தியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் ஊரில் 68 டாலர் முதலோடு தங்கள் பட்டறையைத் திறந்தார்கள். குதிரைக்கு லாடம் அடிப்பதும், சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதும், கேட்பவர்களுக்கு வண்டி கட்டிக்கொடுப்பதும் அவர்களது வேலை.

அடுத்த தம்பி ஜான் மோலர் 1853-இல் பொன் தேடிக் கலிபோர்னியாவுக்குப் போனார். போன இடத்தில் பொன் தோண்டாமல், பிளாசர்வில் என்னும் சுரங்க ஊரில் தோண்டுபவர்களுக்கு ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி செய்து விற்றார். ஐந்தாண்டுகளில் 8,000 டாலர் சேர்ந்தது. 1858-இல் ஊர் திரும்பி, விலக விரும்பிய ஹென்றியின் பங்கை அந்தப் பணத்தால் வாங்கிக்கொண்டார். பிற்காலத்தில் அந்த நிறுவனம் செய்த எந்த முதலீட்டையும்விட இது எனக்கு அதிகம் பிடிக்கும். உழைத்துச் சேர்த்த பணம் தேவைப்பட்ட வேளையில் தொழிலுக்குள் போய்ச் சேர்ந்தது. உள்நாட்டுப் போரில் வடக்குப் படைக்கு வண்டிகள் போயின. மேற்கு நோக்கிக் குடியேறியவர்களுக்கு வண்டிகள் போயின. 1872-இலும் 1874-இலும் தீ விபத்துகள் தொழிற்சாலையை அழித்தபோதும் சகோதரர்கள் மீண்டும் கட்டினார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் உலகின் மிகப் பெரிய வண்டித் தொழிற்சாலை சவுத் பெண்டில் இருந்தது.

குதிரை வண்டி செய்த நிறுவனங்களில் பெரும்பாலானவை மோட்டார் கார் வந்ததும் மறைந்துபோயின. ஸ்டுடிபேக்கர் மறையாததற்கு ஜான் மோலரின் மருமகனும் வழக்கறிஞருமான ஃபிரெட்ரிக் ஃபிஷ் முக்கியக் காரணம். 1902-இல் முதலில் மின்கார்களைச் செய்தார்கள். அவற்றில் ஒன்றை வாங்கியவர் தாமஸ் ஆல்வா எடிசன். 1904-இல் கார்ஃபோர்டு நிறுவனத்தோடு சேர்ந்து பெட்ரோல் கார். பிறகு டெட்ராய்ட்டின் ஈ-எம்-எஃப் நிறுவனத்தின் கார்களை விற்றுக்கொடுத்து, இறுதியில் அந்த நிறுவனத்தையே வாங்கி, 1911-இல் ஸ்டுடிபேக்கர் கார்ப்பரேஷன் ஆனார்கள். குதிரை வண்டி செய்வதை 1920-இல்தான் நிறுத்தினார்கள். ஒரு கால் பழைய தொழிலிலும் ஒரு கால் புதிய தொழிலிலுமாக ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நின்றது தயக்கம்போலத் தோன்றலாம். பழையது ஈட்டிய பணம் புதியது வேர்பிடிக்கும் வரை அதைத் தாங்கியது என்பதே என் வாசிப்பு.

1915-இல் தலைமைக்கு வந்த ஆல்பர்ட் எர்ஸ்கின் திறமைசாலி. கார் உற்பத்தியை டெட்ராய்ட்டிலிருந்து சவுத் பெண்டுக்குக் கொண்டுவந்தார். 1928-இல் ஆடம்பரக் கார் நிறுவனமான பியர்ஸ்-ஆரோவை வாங்கினார். அவருடைய பிழை பெருமந்தத்தின்போது நேர்ந்தது. மந்தம் சீக்கிரம் விலகிவிடும் என்று உறுதியாக நம்பிய அவர், லாபம் வற்றிய பின்னும் பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகை கொடுப்பதை நிறுத்தவில்லை. 1930-இல் கொடுத்த ஈவுத்தொகை அவ்வாண்டு ஈட்டிய லாபத்தைப் போலச் சுமார் ஐந்து மடங்கு. மறு ஆண்டும் மூலதனத்திலிருந்தே எடுத்துக் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் இதை விதைநெல்லைக் குத்தித் தின்பது என்பார்கள். 1933 மார்ச்சில் நிறுவனம் நீதிமன்றப் பொறுப்பாளரின் கைக்குப் போனது; ஜூலை முதல் நாள் எர்ஸ்கின் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் பேராசைக்காரர் அல்லர். நாளை நன்றாக இருக்கும் என்று நம்பி இன்றைய கையிருப்பைக் கொடுத்துத் தீர்த்தவர். அந்த நம்பிக்கை எவ்வளவு இயல்பானது என்பதைத் தணிக்கையாளர்கள் அனைவரும் அறிவார்கள்.

நிறுவனத்தைக் கரையேற்றியவர்கள் பால் ஹாஃப்மனும் ஹரால்டு வான்ஸும். 1939-இல் வந்த எடை குறைந்த, எரிபொருளைச் சிக்கனமாகச் செலவழித்த சாம்பியன் கார் நன்கு விற்றது. போர்க்காலத்தில் சவுத் பெண்ட் ராணுவத்துக்காக உழைத்தது. பி-17 குண்டுவீச்சு விமானங்களுக்கான என்ஜின்களும், யூ.எஸ்.6 என்ற லாரிகளும் அங்கிருந்து வந்தன. ஏறத்தாழ 2 லட்சம் லாரிகளில் பெரும்பகுதி சோவியத் யூனியனுக்குச் சென்றது. கத்யூஷா ராக்கெட்டுகளைச் சுமந்த வண்டிகளில் பல இவைதாம். ரஷ்யச் சிப்பாய்கள் ஸ்டுடர் என்று செல்லமாக அழைத்த அந்த லாரி, அந்த நிறுவனத்தின் எந்தக் காரையும்விட அதிகத் தொலைவு போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

போர் முடிந்தபோது ஸ்டுடிபேக்கருக்குக் கிடைத்த வாய்ப்பு அதன் பிறகு ஒருபோதும் வாய்க்கவில்லை. நான்கு ஆண்டுகளாகப் புதுக் கார் காணாத அமெரிக்கர்கள் எதைச் செய்தாலும் வாங்கக் காத்திருந்தார்கள். மற்றப் பழைய நிறுவனங்கள் போருக்கு முந்தைய வடிவங்களையே பூசி மெழுகி விற்றுக்கொண்டிருக்க, ஸ்டுடிபேக்கர் 1946-லேயே முற்றிலும் புதிய உருவம் கொண்ட 1947 மாடலைக் கொண்டுவந்துவிட்டது. ரேமண்ட் லோவி என்ற வடிவமைப்பாளரின் நிறுவனப் பெயரோடும், வடிவமைப்பாளர் வர்ஜில் எக்ஸ்னரின் உழைப்போடும் வந்த அந்தக் காரில், பின்பக்கக் கண்ணாடி கூரையைச் சுற்றி வளைந்திருந்ததால், வண்டி எந்தத் திசையில் போகிறது என்று மக்கள் வேடிக்கையாகக் கேட்பார்களாம். விமான மூக்குப் போன்ற முகப்போடு வந்த 1950 மாடல் 3 லட்சத்துக்கும் மேல் தயாரானது. நிறுவனம் அதுவரை எட்டாத உயரம் அது.

அந்த நல்ல ஆண்டுகளில்தான் பிழை நடந்தது என்பது என் முடிவு. தொழிற்சாலைக் கட்டடங்கள் பழையவை, பல மாடிகள் கொண்டவை. ஒரே தரையில் நீளமாக ஓடும் புதிய உற்பத்தி வரிசையின் வேகம் அவற்றில் வராது. வந்த பணத்தைக் கொண்டு அவற்றை மாற்றியிருக்கலாம். மாறாகப் பங்குதாரர்களுக்குத் தாராளமான ஈவுத்தொகையும், தொழிலாளர்களுக்கு டெட்ராய்ட்டைவிட உயர்ந்த ஊதியமும் போயின. பெரிய வேலைநிறுத்தமே இல்லாத தொழிற்சாலை என்ற பெருமை நிர்வாகத்துக்கு இருந்தது. அந்த அமைதிக்கு ஒவ்வொரு காரின் அடக்கவிலையிலும் ஒரு பங்கு ஏறியிருந்தது. இதற்காகத் தொழிலாளர்களைக் குறை கூறுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் கேட்டார்கள், கொடுத்தவர்கள் நிர்வாகத்தினர். தேய்மானத்துக்கு ஒதுக்கவேண்டியதை ஒதுக்காமல் விடும் நிர்வாகம் எல்லோரிடமும் நல்ல பெயர் வாங்கும், சிறிது காலம். போருக்குப் பின் ஐரோப்பாவைச் சீரமைக்க அமெரிக்கா கொண்டுவந்த மார்ஷல் திட்டத்தை நடத்த ஹாஃப்மன் 1948-இல் போய்விட்டார். ஐரோப்பாவின் தொழிற்சாலைகளைப் புதுப்பிக்கப் பணம் பகிர்ந்தளித்தவர் விட்டுச்சென்ற தொழிற்சாலை பழையதாகவே நின்றது.

1953-இல் என் அபிமான ஸ்டார்லைனர் வந்தது. லோவியின் குழுவில் ராபர்ட் பர்க் வரைந்த கார். பிழை வரைபடத்தில் இல்லை, பட்டறையில் இருந்தது. உற்பத்தி வரிசையில் முன்பக்கத் தகடுகள் உடலோடு பொருந்தவில்லை. திருத்துவதற்குள் மாதங்கள் கழிந்தன. நான்கு கதவுக் கார்களே அதிகம் விற்கும் என்று கணக்கிட்டிருந்தார்கள். மக்களோ இரண்டு கதவுக் காரைக் கேட்டார்கள். அதே வேளையில் ஃபோர்டும் செவர்லேயும் ஒன்றையொன்று முந்தக் கார்களைக் குவித்து விலையை அடித்து விற்றன. யானைகள் இரண்டு மோதும்போது காலடியில் இருந்தது ஸ்டுடிபேக்கர். 1954-இல் தொழிலாளர்கள் ஊதியக் குறைப்புக்கு வாக்களித்து இசைந்தார்கள். முதல் வாக்கெடுப்பில் மறுத்து, பின் ஒப்புக்கொண்டார்கள்.

அதே ஆண்டு அக்டோபரில் பேக்கார்டு என்ற ஆடம்பரக் கார் நிறுவனத்தோடு இணைப்பு. சட்டப்படி பேக்கார்டுதான் ஸ்டுடிபேக்கரை வாங்கியது. வாங்குமுன் கணக்குகளை முழுமையாகப் பார்க்கவில்லை என்பது என் போன்றோரைத் திடுக்கிடச் செய்யும் செய்தி. நட்டமில்லாமல் நிற்க ஸ்டுடிபேக்கர் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,82,000 கார்களை விற்றாக வேண்டும் என்பது இணைப்புக்குப் பிறகே தெரிந்தது. 1954-இல் அது தயாரித்தவை அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே. ஸ்டுடிபேக்கர் தன்னோடு பேக்கார்டையும் இழுத்துக்கொண்டு மூழ்கியது. 1956-இல் பேக்கார்டின் டெட்ராய்ட் ஆலை மூடப்பட்டது. அடுத்த இரண்டு ஆண்டுகள் ஸ்டுடிபேக்கர் உடலில் பேக்கார்டு பெயரை ஒட்டி விற்றுவிட்டு, 1958-இல் அந்தப் பெயரையும் கைவிட்டார்கள். அமெரிக்காவின் மிக மதிப்புள்ள கார்ப் பெயர்களில் ஒன்றுக்கு அப்படி ஒரு முடிவு வந்திருக்கவேண்டியதில்லை.

பிறகும் இருமுறை உயிர் வந்தது. பழைய பெரிய காரின் நடுப்பகுதியை வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் குறுக்கிச் செய்த லார்க் என்ற சிறிய கார் 1959-இல் நல்ல லாபம் ஈட்டியது. ஆனால் அந்த இலையுதிர் காலத்திலேயே பெரிய மூன்று நிறுவனங்களும் சிறிய கார்களோடு வந்துவிட்டன. 1961-இல் தலைவரான ஷெர்வுட் எக்பர்ட், லோவியை மீண்டும் அழைத்தார். பாம் ஸ்பிரிங்ஸில் வாடகை வீடு ஒன்றில் சில வாரங்களில் உருவான அவன்டி, கண்ணாடியிழை உடலும் முன்சக்கர டிஸ்க் பிரேக்கும் கொண்டு 1962-இல் வெளியானது. உடல்களைச் செய்து தருவதில் தாமதம். காத்திருந்தவர்கள் வேறு காரை வாங்கிக்கொண்டார்கள். மொத்தம் ஐயாயிரத்தைக்கூட எட்டவில்லை. புற்றுநோயால் நலிந்த எக்பர்ட் 1963 நவம்பரில் பதவி விலகினார்.

1963 டிசம்பர் 9 அன்று, கென்னடி கொலையுண்டு மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், சவுத் பெண்ட் ஆலை மூடப்படும் என்ற அறிவிப்பு வந்தது. டிசம்பர் 20-இல் அங்கே கடைசிக் கார் வெளிவந்தது. கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள். கனடாவின் ஹாமில்டன் ஆலை 1966 மார்ச் வரை ஓடியது. தாய் நிறுவனம் அழியவில்லை என்பதையும் சொல்லவேண்டும், என்ஜின் எண்ணெயில் கலக்கும் எஸ்.டி.பி. திரவம் முதலான வேறு தொழில்களை முன்பே வாங்கிவைத்திருந்ததால், கார் தொழிலை உதறிவிட்டு வேறு நிறுவனங்களோடு இணைந்து பிழைத்துக்கொண்டது.

பிழைக்காதவர்கள் யார் என்பதற்கு ஓய்வூதிய நிதியின் கணக்கு விடை சொல்கிறது. நிறுவனமும் வாகனத் தொழிலாளர் சங்கமும் 1950-இல் ஓய்வூதியத் திட்டம் ஒன்றுக்கு உடன்பட்டிருந்தன. திட்டம் தொடங்குமுன் பலர் இருபது, முப்பது ஆண்டுகள் உழைத்திருந்தார்கள்; அந்தப் பழைய உழைப்புக்கும் ஓய்வூதியம் உண்டு என்று ஒப்பந்தம் உறுதியளித்தது. ஆனால் அதற்கான பணத்தை உடனே நிதியில் போடவில்லை; 30 ஆண்டுகளில் சிறுகச் சிறுகப் போடுவது ஏற்பாடு. அடுத்தடுத்த ஒப்பந்தங்களில் ஓய்வூதியத் தொகை உயர உயர, போடவேண்டிய பாக்கியும் உயர்ந்தது. தொழிற்சாலை ஓடும்வரை இந்தப் பள்ளம் எவர் கண்ணுக்கும் தெரியாது. 13 ஆண்டுகளில் ஆலை நின்றபோது பள்ளம் அப்படியே வெளிப்பட்டது.

இருந்த பணத்தைப் பங்கிட்ட முறை இது: ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களும், 60 வயது நிறைந்து தகுதி பெற்றவர்களுமாகச் சுமார் 3,600 பேருக்கு முழு ஓய்வூதியம். பத்தாண்டுப் பணிமுடித்த 40 முதல் 59 வயது வரையிலான சுமார் 4,000 பேருக்கு, அவர்களுக்கு உரியதில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு மட்டும், ஒரே தவணையில். மீதி 2,900 பேருக்கு ஒன்றுமில்லை. அந்த 4,000 பேரின் சராசரி வயது 52. சராசரிப் பணிக்காலம் 23 ஆண்டுகள். இந்த எண்களை நான் பலமுறை எழுதிப் பார்த்திருக்கிறேன். 59 வயதில் நின்றவருக்கும் 60-ஐத் தொட்டவருக்கும் இடையில் இருந்தது சில மாதங்களே. ஒருவர் மாதாமாதம் பணம் பெற்றார், மற்றவர் ஒரு காசோலையோடு வீட்டுக்குப் போனார். இதில் சட்டமீறல் எதுவும் இல்லை என்பதுதான் மனத்தை மிக வருத்துகிறது. நிதியில் உள்ளதற்கு மேல் கொடுக்க நிறுவனம் கட்டுப்பட்டதல்ல என்று அப்போதைய ஒப்பந்தங்கள் கூறின.

தொழிலாளர் சங்கம் இந்த நிகழ்வைக் கையில் எடுத்துக்கொண்டு ஓய்வூதியங்களுக்குக் காப்பீடு வேண்டும் என்று வாஷிங்டனில் தொடர்ந்து வாதாடியது. செனட்டர் ஜேக்கப் ஜாவிட்ஸ் போன்றோர் பல ஆண்டுகள் முயன்றார்கள். 1974 செப்டம்பர் 2 அன்று, தொழிலாளர் தினத்தில், குடியரசுத் தலைவர் ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம், நிதியில் எவ்வளவு பணம் இருக்கவேண்டும், எத்தனை ஆண்டுகளில் தொழிலாளிக்கு உரிமை நிலைபெறும் என்பவற்றை வரையறுத்தது. நிறுவனம் வீழ்ந்தாலும் ஓய்வூதியத்தின் பெரும்பகுதியைத் தரும் அரசு காப்பீட்டுக் கழகத்தையும் ஏற்படுத்தியது. சவுத் பெண்டின் 4,000 பேருக்கு அதனால் எதுவும் திரும்பி வரவில்லை. அது பின்னால் வந்தவர்களுக்கான சட்டம்.

ஹாமில்டனில் கடைசியாக உருவான நீலப்பச்சை நிறக் குரூஸர் கார் இன்று சவுத் பெண்டின் ஸ்டுடிபேக்கர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. லிங்கன் சுடப்பட்ட இரவில் ஏறிச்சென்ற குதிரை வண்டியும் அங்கேதான் இருக்கிறது. ஊருக்கு மேற்கே, நிறுவனம் தன் கார்களை ஓட்டிச் சோதித்த நிலத்தில், 1930-களின் பிற்பகுதியில் ஆயிரக்கணக்கான பைன் கன்றுகளை நட்டு ஸ்டுடிபேக்கர் என்ற பெயரை மரங்களாலேயே எழுதிவைத்தார்கள். நிலம் இப்போது பொதுப் பூங்கா. தரையில் நிற்பவருக்கு அது வெறும் தோப்பு. வானிலிருந்து பார்ப்பவர்களுக்கு அந்தப் பெயரைப் படிக்க முடிகிறது.