பெயர் வருவதற்கு முந்தைய பக்கங்கள்

கும்பகோணத்தில் என் பெரியப்பாவின் வீட்டில், மாடிப்படிக்குக் கீழே இருந்த மர அலமாரியில், ரெக்சின் அட்டை போட்ட 'பைண்டு' புத்தகங்கள் முப்பதுக்கும் மேல் இருந்தன. வார இதழ்களில் வரும் தொடர்களை வாரந்தோறும் பிரித்தெடுத்துச் சேர்த்துவைத்து, தொடர் முடிந்ததும் அச்சகத்தில் கொடுத்துத் தைத்து வாங்குவது அவர் தலைமுறையின் வழக்கம். எல்லாப் புத்தகங்களின் முதுகிலும் பொன்னெழுத்தில் தலைப்பு இருக்கும். ஒன்றே ஒன்றின் முதுகில் மட்டும் எதுவும் இருக்காது. பள்ளி விடுமுறை ஒன்றில் அதை எடுத்துப் பிரித்தபோது, ஆனந்த விகடனில் எம்.ஜி.ஆர். எழுதிய 'நான் ஏன் பிறந்தேன்' அதில் இருந்தது. 1970 முதல் 1972 வரை வந்து, முடிவு பெறாமலேயே நின்றுபோன தொடர் அது. நின்றுபோனது மீண்டும் வரும் என்று பெரியப்பா நெடுநாள் காத்திருந்து, வராது என்று தெரிந்த பிறகுதான் தைக்கக் கொடுத்தாராம். முடியாத கதைக்கு முதுகில் பெயர் பொறிக்க அவருக்கு மனம் வரவில்லை.

திரை நட்சத்திரங்களின் வாழ்க்கைக் கதைகளை நான் தேடித் தேடிச் சேர்க்கத் தொடங்கியது அந்தப் பைண்டிலிருந்துதான். இலங்கையில் கண்டிக்கு அருகே நாவலப்பிட்டியில் 1917-இல் பிறந்து, சிறுவயதிலேயே தந்தையை இழந்து, தாய் சத்யபாமாவுடன் கும்பகோணத்துக்கு வந்து சேர்ந்த ஒரு பையன், நான் தினமும் கடந்துபோகும் தெருக்களைத் தாண்டி ஆனையடிப் பள்ளிக்கு நடந்து போயிருக்கிறான் என்பதும், பள்ளிப் படிப்பைத் தொடர வழியில்லாமல் அண்ணன் சக்ரபாணியோடு, சிறுவர்களே நடிக்கும் நாடகக் குழுவான மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்க்கப்பட்டான் என்பதும் என்னை உலுக்கிவிட்டன. திரையில் வாள் சுழற்றுகிறவருக்குப் பசி என்று ஒன்று இருந்திருக்கும் என்பதை அதுவரை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

அதன் பிறகு எத்தனையோ நூல்களை வாசித்துவிட்டேன். வாசிக்க வாசிக்க ஒன்று எனக்கு உறுதிப்பட்டது. தமிழில் நடிகர்களின் வாழ்க்கைக் கதைகள் உயிரோடு இருப்பது அவர்களுக்குப் பெயர் வருவதற்கு முந்தைய பக்கங்களில்தான். முதல் படம் வெற்றி பெற்றுவிட்டால், அந்த இடத்திலிருந்து நூல் படங்களின் பட்டியலாகவும், பாராட்டு விழாக்களின் வரிசையாகவும், தலைவர்களோடு எடுத்துக்கொண்ட புகைப்படங்களின் விளக்கமாகவும் மெலிந்துபோகிறது. அதற்கு முன்னால் வரும் நாடகக் கம்பெனி ஆண்டுகளில் மட்டும் சோற்றின் அளவும், அடியின் வலியும், ஊர்விட்டு ஊர் போகும் மாட்டுவண்டிகளும், ஒத்திகையும் இருக்கின்றன.

இந்த வகையில் முதலிடம் தரத்தக்க நூல் அவ்வை தி.க. சண்முகம் எழுதிய 'எனது நாடக வாழ்க்கை' என்பதே என் துணிபு. அவர் முதன்மையாக நாடகக்காரர். 1935-இல் 'மேனகா' மூலம் டி.கே.எஸ். சகோதரர்கள் திரைக்கு வந்தபோதும் அவருடைய உள்ளம் மேடையிலேயே இருந்தது. ஆனால் திரை நட்சத்திரங்களைப் பற்றி அறிய விரும்புகிறவர்கள் முதலில் படிக்க வேண்டிய நூல் இது என்று தயங்காமல் சொல்வேன். ஏனெனில் பிற்காலத்தில் திரையை ஆண்டவர்களில் பலர் புடம் போடப்பட்ட உலகத்தை உள்ளிருந்து, வரிசை பிசகாமல், ஊர் ஊராகச் சொல்லும் நூல் இது. 1918-இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் ஆசிரியராக இருந்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் ஆறு வயதுச் சிறுவனாகச் சேர்ந்தவர் சண்முகம். அவருக்காகவே சுவாமிகள் ஓர் இரவு அமர்ந்து, பாடல்களும் உரையாடல்களுமாக 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை எழுதி முடித்தார் என்பது நாடக உலகில் இன்றும் சொல்லப்படும் செய்தி. விளக்கொளியில் ஒரு முதியவர் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக்கொண்டே போவதையும், அந்தப் பாட்டை மறுநாளிலிருந்து தான் மனப்பாடம் செய்ய வேண்டும் என்பது தெரியாமல் ஒரு சிறுவன் தூங்கிக்கொண்டிருப்பதையும் நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். அதே சுவாமிகள் பின்னர் பக்கவாதத்தால் பேச்சிழந்து, 1922-இல் புதுச்சேரியில் மறைந்தார். ஆயிரக்கணக்கான பாடல்களைப் பிள்ளைகளின் வாயில் ஏற்றியவருக்குக் கடைசியில் சொல் எழவில்லை.

பாய்ஸ் கம்பெனி உலகத்தில் 'மகரக்கட்டு' என்று ஒரு சொல் உண்டு. சிறுவர்களின் குரல் உடையும் பருவத்தைக் குறிக்கும் சொல் அது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், கொட்டகையின் கடைசி வரிசைவரை எட்டும்படி உச்சச் சுருதியில் பாடுகிறவனே ராஜபார்ட், அதாவது நாயக வேடக்காரன். பதினான்கு, பதினைந்து வயதில் ஒருநாள் அவன் வாயைத் திறந்தால் குரல் கரகரவென்று பிளந்துவிடும். நேற்றுவரை கம்பெனியின் சொத்தாக இருந்தவன் அன்றுமுதல் சேவகன் வேடத்துக்குத் தள்ளப்படுவான். சிலர் வீட்டுக்கே அனுப்பப்படுவார்கள். ஒரு கலைஞனின் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய கண்டம் எது? ஆயினும் நாம் எழுதும் நட்சத்திர வரலாறுகளில் பெரும்பாலானவை இந்த ஓராண்டை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. குரல் போனபின் அந்தச் சிறுவன் எப்படித் தன் உடலையும் கண்ணையும் பேசப் பழக்கினான், பாட்டு கைவிட்ட இடத்தில் வசனத்தை எப்படிப் பற்றிக்கொண்டான் என்பதை விரித்து எழுதினால், தமிழ்த் திரை நடிப்பின் வரலாற்றில் பாதி அதிலேயே கிடைத்துவிடும்.

சிவாஜி கணேசனின் 'எனது சுயசரிதை' இந்தக் கேள்விக்கு ஓரளவு அருகில் வருகிறது. டாக்டர் டி.எஸ். நாராயணசாமி கேள்வி கேட்க, சிவாஜி விடை சொல்லும் அமைப்பில் உள்ள நூல் அது. அவர் 2001 ஜூலையில் மறைந்த பின், மறு ஆண்டு வெளிவந்தது. கட்டபொம்மன் கூத்தைப் பார்த்துவிட்டு நடிப்பின்மேல் பித்துக்கொண்ட திருச்சிச் சிறுவன், தான் ஓர் அநாதை என்று பொய் சொல்லி யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில் சேர்ந்துகொள்கிறான். தாய் ராஜாமணி அம்மாள் அதே ஊரில் இருக்கிறார். அந்தப் பொய்யை எண்ணும்போதெல்லாம் என் நெஞ்சு கனக்கிறது. முதலில் அவனுக்குக் கிடைத்தது சீதை வேடம். பெண் வேடத்தில் நடக்கவும் நாணவும் கற்ற உடல்தான் பின்னாளில் திரையில் அத்தனை விதமான நடைகளை நடந்து காட்டியது என்று நான் நம்புகிறேன். 1952-இல் அவருடைய முதல் படமான 'பராசக்தி' வந்துவிடுகிறது; அதன் பிறகு நூலின் வேகம் கூடி, ஆழம் குறைகிறது. அண்ணா எழுதிய நாடகத்தில் சிவாஜியாக நடித்த வி.சி. கணேசனைப் பெரியார் 'சிவாஜி' என்று அழைத்த நிகழ்ச்சி போன்றவற்றை நாம் ஏற்கெனவே பலமுறை கேட்டிருக்கிறோம். சீதையாக நின்ற பையனைப் பற்றி இன்னும் நூறு கேள்விகள் கேட்டிருக்கலாம்.

கேள்வி கேட்பதும் ஒரு கலை என்பதை எழுத்தாளர் விந்தன் காட்டியிருக்கிறார். சிறையிலிருந்து வெளிவந்த எம்.ஆர். ராதாவிடம் அமர்ந்து அவர் கேட்டு எழுதிய 'சிறைச்சாலை சிந்தனைகள்', தமிழில் ஒரு நடிகரின் பேச்சு அதன் மூச்சோடு அச்சில் ஏறிய அரிய நூல்களில் ஒன்று. விந்தன் தம்மை முன்னிறுத்திக்கொள்ளவில்லை. சிறிய கேள்வி ஒன்றைப் போட்டுவிட்டு ஒதுங்கிவிடுகிறார். ராதாவின் கதையும் பசியில்தான் தொடங்குகிறது. முதல் உலகப் போரில் தந்தையை இழந்த சென்னைச் சிறுவன், மீன் துண்டு ஒன்றின் பொருட்டு அம்மாவிடம் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டு ஓடுகிறான். எழும்பூர் ரயில் நிலையத்தில் யாரோ ஒருவரின் பெட்டியைத் தூக்கப்போய், அவர் கைப்பிடியில் நாடகக் கம்பெனிக்குப் போய்ச் சேருகிறான்.

1967 ஜனவரி 12 அன்று நடந்தது என்னவென்று எல்லாருக்கும் தெரியும். ராதாவின் துப்பாக்கிக் குண்டு எம்.ஜி.ஆரின் கழுத்தில் பாய்ந்தது; அவருடைய குரல் அதன்பின் பழையபடி ஆகவே இல்லை. அந்த இருவருமே 1970-களின் தொடக்கத்தில், ஏறக்குறைய ஒரே காலத்தில், இரண்டு வெவ்வேறு வார இதழ்கள் வழியாகத் தம் கதையைத் தமிழ் வாசகர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இருவரும் தந்தையற்ற பிள்ளைகள். இருவரையும் சோறு போட்டு, அடித்து, ஆளாக்கியது நாடகக் கம்பெனி. இந்த இரண்டு நூல்களையும் அடுத்தடுத்து வாசிக்கும்படி என் நண்பர்களிடம் எப்போதும் வற்புறுத்துவேன். துப்பாக்கிச் சூட்டைப் பற்றி அறிவதற்காக அல்ல, அந்த இரண்டு சிறுவர்களை ஒருசேரப் பார்ப்பதற்காக.

எம்.கே. தியாகராஜ பாகவதரைப் பற்றிய நூல்கள் வேறொரு பள்ளத்தில் விழுகின்றன. 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அது வெளியான சில வாரங்களிலேயே பத்திரிகையாளர் லட்சுமிகாந்தனின் கொலை வழக்கு எழுந்து, பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சிறை புகுந்தார்கள். லண்டனில் இருந்த மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை போய் 1947-இல் விடுதலையானார்கள். இவ்வளவு பெரிய கதை கையில் இருக்கும்போது எழுதுகிறவர்களின் பேனா நீதிமன்றத்தை விட்டு நகர மறுப்பது இயல்புதான். ஆனால் எனக்கு வேண்டியது பாடகர். திருச்சியில் ரயில்வே அதிகாரியாக இருந்த எஃப்.ஜி. நடேசய்யர் ஒரு பொற்கொல்லர் வீட்டுப் பிள்ளையின் குரலைக் கேட்டு, அரிச்சந்திரன் நாடகத்தில் லோகிதாசனாக மேடையேற்றினார். அந்தக் குரல் எப்படிப் பயிற்சி பெற்றது, பாபநாசம் சிவனின் சாகித்தியத்தை அது எப்படித் தனதாக்கிக்கொண்டது என்பவை குறித்து இன்னும் எத்தனையோ பக்கங்கள் எழுதப்பட வேண்டும். நடித்தவை பதினான்கு படங்களே. ஒவ்வொரு படத்தின் பாட்டையும் ராகம், எடுப்பு, கார்வை என்று நின்று பேசும் ஒரு நூல் வந்தால் முதல் பிரதியை நானே வாங்குவேன்.

இதுவரை நான் சொன்னவை அனைத்தும் ஆண்களின் கதைகள். என் அலமாரியும் அப்படித்தான் இருக்கிறது. அது எனக்கு வருத்தம் தருகிறது. பி. பானுமதி தம் வாழ்க்கையைத் தெலுங்கில் 'நாலோ நேனு' என்று எழுதினார். அதற்குத் தேசிய விருதும் கிடைத்தது. அவர் ஏற்கெனவே சிறுகதை எழுத்தாளர், இயக்குநர், பரணி ஸ்டுடியோவின் உரிமையாளர். தம் கதையைத் தாமே சொல்லும் இடமும் துணிவும் அவருக்கு இருந்தன. கே.பி. சுந்தராம்பாளைப் பற்றியோ பிறர் எழுதியவையே என்னிடம் இருக்கின்றன. கொடுமுடியிலிருந்து வறுமையோடு புறப்பட்டு, ரயிலில் பாடி, மேடையேறி, இலங்கையில் நாடகமாடப் போன இடத்தில் நாடக நடிகரும் பாடகருமான செங்கோட்டை கிட்டப்பாவைச் சந்தித்து மணந்து, 1933-இல் அவர் இறந்ததும் இருபத்தைந்து வயதில் வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டவர் அவர். அவர் வாயால், விந்தனைப் போன்ற ஒருவர் பக்கத்தில் அமர்ந்து கேட்டு எழுதிய நூல் ஒன்று என் கைக்கு வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று ஏங்குகிறேன்.

டி.பி. ராஜலட்சுமியை நினைத்தால் ஏக்கம் இன்னும் கூடுகிறது. 1931-இல் 'காளிதாஸ்' படத்தில் நாயகியாகப் பேசியும் பாடியும் தமிழ்த் திரைக்குக் குரல் கொடுத்தவர். 'கமலவல்லி' என்ற நாவலை எழுதியவர். அதையே 1936-இல் 'மிஸ் கமலா' என்ற படமாகத் தாமே இயக்கியவர். திருவையாற்றில் பிறந்து, சிறுமியாக நாடக மேடைக்கு வந்த அவருக்கு எழுதும் கை இருந்தது. அந்தக் கையால் எழுதிய பால்ய நினைவு பத்துப் பக்கம் கிடைத்தால் போதும் எனக்கு. திருவல்லிக்கேணி நடைபாதைப் புத்தகக் கடைகளில், பழைய இதழ்க் கட்டுகள் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில், அவர் பெயரைச் சொல்லி நான் கேட்பது வழக்கமாகிவிட்டது. சென்ற வாரம் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கடைக்காரர் சொன்னார்: "ராஜலட்சுமி அம்மாதானே சார்? வந்தா எடுத்து வைக்கிறேன்."